ஏழு கிணறு, ஒரே உடம்பு: நமக்குள் சேரும் இரசாயனத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

போன மாசியில் ஒரே கிழமைக்குள் மச்சாளிடமிருந்து ஐந்து வட்ஸ்அப் செய்திகள் வந்தன. மஞ்சள்தூளில் ஈயம். ரின்மீன் பேணியின் உட்பூச்சில் நஞ்சு. நுளம்புத்திரிப் புகை. பற்பசையில் புளோரைட்டு. கடைசியாகக் கடல்மீனில் பாதரசம். எல்லாவற்றிலும் சிவப்பு எழுத்து, மண்டையோட்டுப் படம், "உடனே பகிருங்கள்". ஐந்தாவதுக்குக் கீழே அவளே பேசி அனுப்பியிருந்தாள்: "எல்லாத்திலயும் கெமிக்கல் எண்டா நாங்கள் எதைத்தான் மச்சாள் தின்னுறது?"

நியாயமான கேள்விதான். அவள் இருப்பது திருகோணமலையில், திருக்கடலூரில், மாமாவோடு. மாமா கடற்தொழிலாளி. வலை பொத்துவது, வலைக்குண்டு வார்ப்பது எல்லாம் பின்வளவில்தான். அந்த வீட்டில் மீனை விடச் சொல்வது அடுப்பை அணைக்கச் சொல்வது மாதிரி. ஆகவே அவள் விட்டது மஞ்சளையும் பற்பசையையும். நாலு வயது மகனுக்கு இப்போது உமிக்கரியால் பல் விளக்குகிறாள். நுளம்புத்திரியை மட்டும் விடவில்லை. டெங்குப் பயம்.

நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவள். அவளுக்குப் போனில் சொல்லப் பார்த்தேன். பாதியில் மகன் அழுதான், லைன் போயிற்று. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

எந்த அளவைச் சொல்கிறோம்?

தண்ணீரும் ஓர் இரசாயனம், உப்பும் ஓர் இரசாயனம். "கெமிக்கல் இல்லாத" சாமான் என்று எந்தக் கடையிலும் எதுவும் இல்லை. கேட்கவேண்டியது எவ்வளவு என்பதை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிகள் சொன்னதையே 16-ஆம் நூற்றாண்டில் பராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவரும் எழுதிவைத்தார். நஞ்சியல் என்ற துறை இன்றும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

ஆனால் அந்தப் பழமொழியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. "அளவு" என்றால் எந்த அளவு? பக்கற்றில் இருக்கிற அளவா, தட்டில் விழுந்த அளவா, வாய்க்குள் போன அளவா, குடலைத் தாண்டி இரத்தத்தில் கலந்த அளவா? வட்ஸ்அப் செய்திகள் எப்போதும் முதலாவதைப் பற்றிப் பேசும். உடம்பைப் பாதிப்பதோ கடைசியாகச் சொன்னது. இரண்டுக்கும் இடையில் சிலவேளை ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கும்.

இரண்டு சொற்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரசாயனம் வெளியிலிருந்து வந்து நம் வாயையோ மூக்கையோ தோலையோ தொடுவது புற வெளிப்பாடு. அதில் உள்ளே புகுந்து இரத்தத்திலும் உறுப்புகளிலும் உலவுகிற பங்கு அக வெளிப்பாடு. இந்தக் கட்டுரை முழுவதும் இரண்டாவதைப் பற்றியதுதான்: எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்த பிறகு, உள்ளே மொத்தம் எவ்வளவு?

உடம்பு ஒரு குளம்

குளக்கோட்டன் பேரோடு சேர்த்து நாம் சொல்கிற கந்தளாய்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை நகரத்துக் குழாய்த் தண்ணீர் அங்கிருந்து வருவதால் அது நமக்கு அந்நியமில்லை. காட்டாறு வந்து விழுகிறது, வாய்க்கால் வந்து விழுகிறது, மாரியில் மழை நேரே விழுகிறது. வெளியே போக மதகு இருக்கிறது. நீர்மட்டம் பார்க்க அளவுகோல் நட்டிருக்கிறார்கள்.

உடம்பும் அப்படித்தான். சோறு, தண்ணீர், மூச்சு, தோல் எல்லாம் வரத்துகள். ஈரலும் சிறுநீரகமும் மதகுகள். இரத்தத்திலோ சிறுநீரிலோ அளந்து பார்ப்பது அளவுகோல். குறிப்பிட்ட ஓர் இரசாயனம் எந்த நேரத்திலும் உடம்புக்குள் மொத்தம் எவ்வளவு தங்கியிருக்கிறதோ அதை உடற்சுமை என்பார்கள். குளத்தில் நிற்கிற தண்ணீர் அது.

ஒரு வாய்க்காலை மட்டும் பார்த்துவிட்டு "குளம் வான் பாயப்போகுது" என்று யாராவது கத்தினால் கந்தளாய் விவசாயி சிரிப்பார். மற்ற வரத்து எவ்வளவு, மதகு திறந்திருக்கிறதா, இப்போது மட்டம் எங்கே என்று கேட்பார். மச்சாளுக்கு வந்த ஐந்து செய்திகளும் ஆளுக்கொரு வாய்க்காலைப் பார்த்துக் கத்தியவைதான்.

மூன்று வாசல்

ஒரே பொருள் எந்த வாசலால் வருகிறது என்பதைப் பொறுத்து அதன் கதையே மாறும். இதற்குப் பாதரசத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

காய்ச்சல் பார்க்கிற பழைய கண்ணாடி வெப்பமானி உடைந்து பிள்ளை அந்த வெள்ளி உருண்டையை விழுங்கிவிட்டால் வீடே அலறும். வைத்தியரிடம் காட்டவேண்டியதுதான். ஆனால் விழுங்கிய உலோகப் பாதரசத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட குடலைத் தாண்டி உள்ளே போவதில்லை; மலத்தோடு வெளியேறிவிடும். அதே உருண்டையைக் கட்டிலுக்கடியில் தேடாமல் விட்டால், அது மெல்ல ஆவியாகி மூச்சோடு போகும். மூச்சில் போகும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 சதவீதம் இரத்தத்தில் கலந்துவிடும். விழுங்கியதுக்கு ஓடுகிறோம், தேடாமல் விட்ட மூலையை மறந்துவிடுகிறோம்.

மீனில் இருப்பது வேறு உருவம். அதன் பெயர் மெதைல்பாதரசம், அதாவது கடலடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தைக் காபனோடு பிணைத்து ஆக்குகிற சேர்வை. அது வாயால் போனாலே 95 சதவீதமளவில் உள்ளே போய்விடும். ஆக "பாதரசம்" என்ற ஒரே பேரில் மூன்று தனித்தனிக் கதைகள்.

ஆளைப் பொறுத்தும் வாசல் அகலம் மாறும். வாயால் போகிற ஈயத்தில் வளர்ந்தவர் உடம்பு சுமார் 10 சதவீதத்தை எடுக்கும். சின்னப் பிள்ளையின் உடம்பு 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். வளர்கிற எலும்புக்குக் கல்சியம் வேண்டும், ஈயம் கல்சியத்தின் உருவத்தில் வேசம் போட்டுக்கொண்டு நுழைகிறது. ஒரே தட்டிலிருந்து அப்பாவும் மகனும் சாப்பிட்டாலும் இருவருக்கும் கிடைக்கிற ஈயம் ஒன்றல்ல.

இதுவரை வந்ததைச் சேர்த்தால்: எவ்வளவு வந்து தொட்டது, எந்த உருவத்தில், எந்த வாசலால், அதில் எத்தனை வீதம் உள்ளே. இந்த நாலும் தெரிந்தால்தான் ஒரு வாய்க்காலின் உண்மையான வரத்துத் தெரியும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்

இனி மதகு. விருந்தாளி மூன்று நாளில் போய்விடவேண்டும் என்பது நம் ஊர்ச் சட்டம். இரசாயனங்களில் அந்தச் சட்டத்தை மதிக்கிறவையும் உண்டு, வந்து வீட்டை எழுதி வாங்கிக்கொள்கிறவையும் உண்டு.

இதை அளக்கிற அலகு அரைவாழ்வுக் காலம்: உள்ளே இருப்பது பாதியாகக் குறைய எடுக்கிற நேரம். நுளம்புத்திரியில் இருக்கிற பைரித்திரொயிட்டு வகைப் பூச்சிகொல்லிகளுக்கு அது மணித்தியாலக் கணக்கு. மெதைல்பாதரசத்துக்கு ஏறத்தாழ 50 நாள். ஈயத்துக்கு இரத்தத்தில் ஒரு மாதமளவு. எலும்புக்குள் போய்விட்டால் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் நாளுக்கு 10 மைக்கிரோகிராம் மெதைல்பாதரசம் உள்ளே எடுக்கிறார் என்று வையுங்கள். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. முதல் நாளில் மதகால் போவது மிகக் கொஞ்சம், ஆகவே மட்டம் ஏறும். மட்டம் ஏற ஏற வெளியேறுவதும் கூடும். ஒரு கட்டத்தில் வருகிறதும் போகிறதும் சரியாகிவிடும். மட்டம் அங்கேயே நிற்கும். அதுதான் சமநிலை. அந்த மட்டத்தைக் காண ஒரு சின்னச் சூத்திரம்: நாள் வரத்தை அரைவாழ்வுக் காலத்தாலும் 1.44 ஆலும் பெருக்குங்கள். 10 × 50 × 1.44 = 720 மைக்கிரோகிராம். அங்கே போய்ச்சேர ஐந்து அரைவாழ்வுக் காலம், அதாவது எட்டு மாதம் போல எடுக்கும். இன்றைக்கு மீனை நிற்பாட்டினால் நாளைக்கு 720 இல்லாமல் போகாது. 50 நாளில் 360, நூறு நாளில் 180. "பிள்ளை தங்கினதும் பெரிய மீனை விடுறன்" என்பது ஏன் பிந்திய யோசனை என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

சீக்கிரம் போய்விடுகிற இரசாயனம் என்றால் கவலையில்லை என்று நினைக்கத் தோன்றும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்காதுதான். ஆனால் குழாயை மூடாமல் விட்டால் ஓட்டைப் பானையிலும் தண்ணீர் நிற்கும். ஒவ்வோர் இரவும் கதவைப் பூட்டிக்கொண்டு திரி கொளுத்துகிற அறையில் நடப்பது அதுதான்.

நாலு வயதுப் பிள்ளையின் ஒரு நாள்

இப்போது பல வரத்துகளைக் கூட்டிப் பார்க்கலாம். புளோரைட்டை எடுக்கிறேன்; வறண்ட வலயத்துக்காரருக்கு அது புதிதில்லை. பல்லில் வெள்ளைத் திட்டும் கபிலக் கறையுமாக இருக்கிற பிள்ளைகளை நம் ஊர் வகுப்பறைகளில் நானே பார்த்திருக்கிறேன். பல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், புளோரைட்டு கூடிப்போனால் அப்படி ஆகும். குறைந்துபோனால் சூத்தைப் பல். இரண்டு பக்கமும் இடி.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். இலங்கைத் தரம் 1.0. வெக்கை நாட்டில் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறோம், அதனால் நாம் அதைவிடக் கீழே நிற்பது நியாயம். ஒரு கிணற்றில் 0.8 இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். சான்றிதழ் கிடைக்கும், எல்லாரும் சந்தோசம்.

16 கிலோ நிறையுள்ள பிள்ளை நாளுக்கு ஒரு லீற்றர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது: 0.8 மில்லிகிராம்.

தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கிற செடி. சாயத் தேத்தண்ணியில் இலையிலிருந்து மட்டும் லீற்றருக்கு 2 மில்லிகிராம் இறங்கினால், ஒரு கப்புக்கு, 150 மில்லிலீற்றருக்கு, 0.3.

பற்பசை. கடலையளவு பசை கால் கிராம் வரும். ஆயிரம் பி.பி.எம்., அதாவது பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கு, என்று ரியூப்பில் போட்டிருந்தால் அதில் கால் மில்லிகிராம் புளோரைட்டு. கொப்பளிக்கத் தெரியாத பிள்ளை காலையும் மாலையும் விழுங்கினால் 0.5.

கூட்டினால் 1.6 மில்லிகிராம். 16 கிலோவால் பிரித்தால் ஒரு கிலோவுக்கு 0.1. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1997-இல் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வைத்த மேல் எல்லையும் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 தான். தண்ணீரைத் தனியாகப் பார்த்தால் எல்லையில் பாதி. தேத்தண்ணியைத் தனியாகப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பற்பசைக்காரரும் தன் சாமான் பாதுகாப்பானது என்று கையடித்துச் சொல்லலாம். மூன்று பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், பிள்ளை எல்லைக் கோட்டில் நிற்கிறது.

ஒரே இரசாயனம் எல்லா மூலங்களிலிருந்தும் எல்லா வாசல்களாலும் வருவதைக் கூட்டிப் பார்ப்பதற்குக் கூட்டு வெளிப்பாடு என்று பெயர். கூட்டியதில் இன்னொரு நன்மை, எந்தக் குழாயை மூடுவது இலேசு என்றும் தெரிந்துவிடுகிறது. கிணற்றை மாற்றுவது கஷ்டம். பிள்ளையைத் துப்பப் பழக்குவதும் தேத்தண்ணிக்குப் பதில் பால் கொடுப்பதும் அதைவிட இலேசான வேலை. பாலிலுள்ள கல்சியம் புளோரைட்டில் கொஞ்சத்தைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். சூத்தையைத் தடுக்கிற பசையை எறிந்துவிட்டு உமிக்கரிக்குப் போகவேண்டிய தேவை இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை, மச்சாள்.

அளவுகோலைப் பார்த்துப் பின்னுக்குப் போவது

மேலே செய்தது முன்கணக்கு. வரத்துகளை ஒவ்வொன்றாக அளந்து, கூட்டி, உள்ளே எவ்வளவு இருக்கும் என்று ஊகித்தோம். அதில் எத்தனை "என்று வைத்துக்கொள்வோம்" வந்தது என்று பார்த்தீர்களா? மறந்துபோன ஒரு வாய்க்கால் இருந்தால் கணக்கு முழுவதும் பிழை.

இன்னொரு வழி, நேரே குளத்து அளவுகோலிடம் போவது. இரத்தம், சிறுநீர், தலைமயிர், தாய்ப்பால் ஆகியவற்றில் அந்த இரசாயனத்தையோ, ஈரல் அதை உடைத்து ஆக்கிய மிச்சத்தையோ அளப்பார்கள். இதற்கு உயிர்க்கண்காணிப்பு என்று பெயர். எத்தனை வாய்க்கால் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாம் வந்து விழுந்த பிறகுள்ள மட்டம் கையில் கிடைக்கிறது. அந்த மட்டத்திலிருந்து அரைவாழ்வுக் காலத்தை வைத்து, "இவ்வளவு இருக்கவேண்டுமானால் நாளுக்கு இவ்வளவு வந்திருக்கவேண்டும்" என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். முன்பு போட்ட சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் சரி: 720-ஐ 50 ஆலும் 1.44 ஆலும் பிரித்தால் அந்தப் பத்து திரும்பி வரும்.

இதன் பலம் தெரிய ஈயப் பெற்றோலின் கதை போதும். அமெரிக்காவில் 1976-க்கும் 1980-க்கும் இடையில் நாடு முழுவதும் மக்களின் இரத்தத்தை அளந்துகொண்டே வந்தார்கள். அதே காலத்தில் பெற்றோலில் கலக்கிற ஈயம் குறைந்துகொண்டு வந்தது. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தபோது ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இறங்கின. இரத்த ஈயம் 37 சதவீதம் குறைந்திருந்தது. பெற்றோல் ஒரு சின்ன வாய்க்கால் என்று வாதாடியவர்களுக்கு அதன்பிறகு பேச வாயில்லை. இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002-இல் நின்றது. அதற்கு முன் பிறந்த நம் எலும்புகளில் அந்தக் காலத்து வீதிப் புகை கொஞ்சம் இன்னும் இருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பு கரைந்து பிள்ளைக்குக் கல்சியம் போகும்போது அந்தப் பழைய ஈயமும் கூடவே இரத்தத்துக்கு வரும். இருபது வருடத்துக்கு முன் மூச்சில் போனது இன்றைய புற வெளிப்பாட்டுக் கணக்கில் வராது, அளவுகோலில் வரும்.

அளவுகோலும் ஏமாற்றும். முதல்நாள் இரவு கிண்ணியா இறால் ஒரு பிடி பிடித்துவிட்டுக் காலையில் சிறுநீரில் மொத்த ஆசனிக்கைப் பார்த்தால் முடிவைக் கண்டு மயக்கமே வரும். இறாலிலும் நண்டிலும் இருக்கிற ஆசனிக்கில் பெரும்பகுதி ஆசனோபீற்றேன் என்ற உருவம். உடம்பு அதைத் தொடாமல் அப்படியே வெளியே விட்டுவிடும், நஞ்சில்லை. கிணற்றுத் தண்ணீரில் வருகிற கனிம ஆசனிக்தான் ஆபத்தானது. அதனால்தான் பரிசோதனைக்கு முன் மூன்று நாலு நாள் கடலுணவு வேண்டாம் என்கிறார்கள், அல்லது உருவங்களைப் பிரித்து அளக்கிறார்கள்.

வெயிலும் கணக்கைக் கெடுக்கும். சித்திரை வெக்கையில் நிலாவெளிக் கரையில் வலை இழுத்தவரின் சிறுநீர் கட்டியாக இருக்கும், நிழலில் இருந்து இளநீர் குடித்தவரின் சிறுநீர் தண்ணியாக இருக்கும். உடம்புக்குள் ஒரே அளவு இருந்தாலும் முன்னவரில் கூடுதலாகக் காட்டும். தசைகள் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் வெளியேற்றுகிற கிரியேட்டினின் என்ற கழிவோடு ஒப்பிட்டு இதைச் சரிசெய்வார்கள்.

தலைமயிர் ஒரு நாட்குறிப்பு

இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆகவே கொஞ்சம் நின்று போகிறேன். தலைமயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளரும். வளரும்போது இரத்தத்தில் இருந்த மெதைல்பாதரசத்தைத் தன்னோடு கட்டி வைத்துக்கொள்ளும், இரத்தத்தைவிட 250 மடங்கு செறிவாக. இடுப்பளவு கூந்தல் உள்ள ஒரு பெண்ணின் மயிரை வேரிலிருந்து நுனி வரை துண்டு துண்டாக வெட்டி அளந்தால், நாலைந்து வருடத்துச் சாப்பாட்டுக் கணக்கு மாதம் மாதமாக வந்துவிடும்.

1971-இன் கடைசியில் ஈராக்குக்கு விதைப்பதற்கென்று வந்த கோதுமையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மெதைல்பாதரச மருந்து பூசியிருந்தார்கள். கிராமங்களில் அதை அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டார்கள். வைத்தியசாலைகளில் 6,530 பேர் சேர்க்கப்பட்டு 459 பேர் இறந்ததாகப் பதிவு. அப்போது கர்ப்பமாக இருந்த தாய்மாரின் கூந்தலை எடுத்துத்தான், எந்த மாதத்தில் எவ்வளவு உள்ளே இருந்தது, பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பின்னர் பொருத்திப் பார்த்தார்கள். யாரிடமும் "எத்தனை ரொட்டி தின்றீர்கள்" என்று கேட்கவேண்டியிருக்கவில்லை.

கன்னியாவில் குளித்த உடம்பு

திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஏழிலும் சூடு வேறு வேறு. ஒவ்வொன்றிலும் ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றிவிட்டு வந்தவரைத் தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடுகிறது என்று தெரியும். எந்தக் கிணற்றால் சுட்டது என்று தெரியாது.

உயிர்க்கண்காணிப்பின் குறை இதுதான். மட்டத்தைச் சொல்லும், வாய்க்காலைச் சொல்லாது. முன்கணக்கு வாய்க்காலைச் சொல்லும், மட்டத்தில் பிழைவிடும். ஆகவே இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடுகிறார்கள். உடம்பை ஈரல், கொழுப்பு, சிறுநீரகம், மூளை என்று சின்னச் சின்னக் குளங்களாகப் பிரித்து, இரத்த ஓட்டத்தை வாய்க்காலாக வைத்துக் கணினியில் ஓட்டுவார்கள். வரத்துகளைக் கொடுத்தால் அது ஒரு மட்டத்தைக் காட்டும். ஆளிடம் அளந்த மட்டத்தோடு அது ஒத்துவந்தால் நல்லது. அளந்தது கூடுதலாக இருந்தால் எங்கோ யாரும் எண்ணாத ஒரு கிணறு இருக்கிறது, தேடு.

பங்களாதேசத்தில் அப்படித்தான் தேடினார்கள். கிராமத்துக் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம். பக்கத்தில் தொழிற்சாலையும் இல்லை, வாகனமும் இல்லை. ஈயத்துக்கு ஒரு வசதி உண்டு: வெவ்வேறு சுரங்கத்து ஈயத்தில் பாரம் கொஞ்சம் மாறுபட்ட ஈய அணுக்களின் விகிதம், அதாவது சமதானி விகிதம், வேறுபடும். கைரேகை மாதிரி. அந்த ரேகை மஞ்சளோடு பொருந்தியது. மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரியக் கிழங்கில் ஈயக் குரோமேற்றுப் பூசியிருந்தார்கள். 2019-இல் ஆய்வு வெளிவந்தது. அரசாங்கமும் சந்தைகளில் இறங்கி அதைப் பிடித்தது. மச்சாளுக்கு வந்த மஞ்சள் செய்தியின் வேர் இதுதான். செய்தி முழுப் பொய் இல்லை, ஊர் மட்டும் மாறிவிட்டது.

பல பேர், ஒரே வேலை

இதுவரை ஒரே இரசாயனத்தைப் பற்றியே பேசினோம். உள்ளே எத்தனையோ ஒன்றாக இருக்கும்போது? எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டமுடியாது. உப்பையும் சீனியையும் கூட்டி என்ன காண்பது? ஆனால் ஒரே இடத்தில் ஒரே சேதத்தைச் செய்கிறவற்றைக் கூட்டலாம். ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிகொல்லிகள் பேரில் பல. வேலை ஒன்று: நரம்புச் செய்தியை அணைக்கிற அசற்றைல்கொலினெசுத்தரேசு என்ற நொதியை மடக்குவது. கத்தரிக்காயில் ஒன்று, பயற்றங்காயில் இன்னொன்று, வயலில் அடிக்கும்போது தோலில் மூன்றாவது. ஒவ்வொன்றின் வீரியத்தையும் ஒரு பொது அலகுக்கு மாற்றிக் கூட்டுவார்கள். இது திரள் வெளிப்பாடு. அமெரிக்காவில் 1996-இல் வந்த உணவுத் தரப் பாதுகாப்புச் சட்டம் இந்த இரண்டு கூட்டலையும், மூலங்களைக் கூட்டுவதையும் ஒரே வேலை செய்கிறவற்றைக் கூட்டுவதையும், பூச்சிகொல்லி அனுமதிக்குக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டில் இப்படி யோசிக்கப் பழகாததன் விலையைச் சிறுநீரக நோய் விவாதத்தில் பார்த்தோம். வட மத்தியிலும் நம் மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுரப் பக்கமும் காரணம் பிடிபடாமல் பரவிய அந்த நோய்க்கு ஒருவர் கட்மியம் என்றார், ஒருவர் புளோரைட்டும் கடின நீரும் என்றார், ஒருவர் கிளைபோசேற்று என்ற களைகொல்லி என்றார், வெயிலும் நீரிழப்பும் என்றார் இன்னொருவர். 2015-இல் கிளைபோசேற்றைத் தடைசெய்தார்கள், 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப விட்டார்கள். ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார்கள். ஒரே விவசாயியின் உடம்பில் இவையெல்லாம் சேர்ந்து எவ்வளவு என்ற கேள்விக்கு அந்தச் சத்தத்தில் இடமே இருக்கவில்லை.

மச்சாளின் ஐந்து செய்திகள்

மீன். பெரியது சின்னதைத் தின்னும், வயது போகப் போகப் பாதரசம் சேரும். அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் சராசரிப்படி சுறாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவு, சூடைச் சாதியில் 0.013. ஒரு நேரச் சுறாவில் உள்ள பாதரசத்துக்கு எழுபத்தைந்து நேரம் சூடை தின்னவேண்டும். உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 2003-இல் வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்துச் சொன்ன எல்லை, கிலோ நிறைக்குக் கிழமைக்கு 1.6 மைக்கிரோகிராம், 60 கிலோப் பெண்ணுக்கு 96. பெரிய சுறாவில் 200 கிராம் தின்றால் அதன் இரட்டிப்பு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பால்சுறா சின்னது, அதில் குறைவு. அதுவும் பிள்ளை பிறந்த பிறகு கொடுப்பது, சில நேரம்தான். அம்மம்மாமாரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். கர்ப்பமாக இருக்கும்போது கிழமைக் கிழமை பெரிய சுறா என்றால் போவேன். நெத்தலியும் சூடையும் எவ்வளவும் தின்னட்டும்.

ரின்மீன் பேணியின் உட்பூச்சில் இருப்பது பிஸ்பினோல் ஏ. சில மணித்தியாலத்தில் சிறுநீரோடு போய்விடும். பாதுகாப்பான அளவு எது என்பதில் நிபுணர்களே மோதிக்கொள்கிறார்கள்: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வைத்த எல்லையை 2023-இல் இருபதாயிரம் மடங்கு இறக்கியது, ஜேர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் பச்சைமீன் இருக்கிறவள் இதற்கு நித்திரை கெடத் தேவையில்லை. திரியை விறாந்தையில் கொளுத்தி, உள்ளே வலை கட்டிப் படுக்கலாம். பற்பசை பற்றிச் சொல்லியாயிற்று. மஞ்சளைக் கிழங்காக வாங்கினாலும் அளவுக்கு மிஞ்சிப் பளிச்சென்று இருப்பதை விட்டுவிடலாம், பங்களாதேசத்தில் பூசியது கிழங்கில்தான்.

இவ்வளவையும் எழுதி முடித்தபிறகுதான் எனக்கு அந்தப் பின்வளவு ஞாபகம் வந்தது. மாமா பழைய பற்றரியின் ஈயத் தகட்டையும் அறுந்த குண்டுகளையும் தாச்சியில் போட்டு உருக்கி, மண் அச்சில் ஊற்றி வலைக்குண்டு வார்ப்பார். நீலப்புகை வரும். மச்சாளின் மகன் பக்கத்தில் குந்தியிருந்து ஆறின குண்டுகளை எண்ணிக் கொடுப்பான், பிறகு அந்தக் கையால் விசுக்கோத்துத் தின்பான். மூச்சு, வாய், அரைவாசி ஈயத்தை உறிஞ்சுகிற வயது, முப்பது வருடம் பிடித்துவைக்கிற எலும்பு.

திரும்ப அவளுக்குப் போன் எடுத்தேன். "மச்சாள், மாமா குண்டு உருக்கிற தாச்சி எங்க இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அதிலதானே போன கிழமை கச்சான் வறுத்தனான்."